கு, சு, து: எழுத்துரு பழக வருகிறவர்களுக்கு

கிராஃபிக் டிசைன் படிக்க வருகிறவர்களுக்கு ஃபான்ட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கணினியில் இறங்கி வரும் அந்த நீளப் பட்டியல்தான். ஒன்றைத் தேர்ந்து, அளவைக் கூட்டி, வண்ணம் கொடுத்தால் போஸ்டர் தயார். டைப்போகிராஃபி வகுப்பு தொடங்கிய பிறகே இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருப்பது தெரியவரும். இருக்கிற எழுத்துருவை வைத்துப் பக்கத்தைப் படிக்கத் தோதாக அமைப்பது ஒன்று. ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர் செய்த வேலை அது. எழுத்துருவையே வரைந்து உண்டாக்குவது இன்னொன்று. அதை அச்சு வெட்டுகிறவர்களும் டைப் பவுண்டரிகளும் செய்தார்கள். முதல் வேலை பழகாமல் இரண்டாவதில் குதிப்பவர்கள் தனித்தனியே அழகான எழுத்துகளை வரைந்துவிடுவார்கள். ஆனால் அவற்றைக் கோத்து ஒரு பத்தி படிக்க முடியாது.

பாடநூல்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தை வைத்து எழுதப்பட்டவை. அங்கே சிறிய ‘என்’, சிறிய ‘ஓ’ இரண்டையும் முதலில் வரைந்து, அவற்றின் தடிமனையும் வளைவையும் மற்ற எழுத்துகளுக்குக் கொண்டுபோவார்கள். தமிழுக்கு இந்த வழி பாதி தூரம்தான் வரும்.

247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக மீதி 216 உயிர்மெய். அதில் அகர வரிசை 18 தான் அடிப்படை உருவம். அதன் மேல் புள்ளி வைத்தால் மெய். ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஏறிய 126 எழுத்துகளும் கால், கொம்பு போன்ற சில குறிகளைப் பக்கத்தில் நிறுத்தினாலே வந்துவிடும். இகர ஈகாரம் 36-க்கும் மேல்விலங்கு எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும்; டி, டீ மட்டும் தனி. உண்மையான உழைப்பைக் கேட்பவை மிஞ்சி நிற்கும் 36, அதாவது உகர ஊகார எழுத்துகள்.

உகரத்துக்கு ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் கீழே வளைந்து சுற்றிக்கொள்கின்றன. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராக ஒரு கோட்டைக் கீழே இறக்குகின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே போய் மடங்கி வலப்பக்கமாக மேலே ஏறுகின்றன. ஊகாரத்தில் ‘கூ’ தன் கூட்டத்தை விட்டுத் தனி வழி போகிறது. முதல் குழுவின் வளைவு எவ்வளவு ஆழம் இறங்கும், இரண்டாம் குழுவின் கோடு அதே ஆழத்தில் நிற்குமா, மூன்றாம் குழுவின் கால் எந்த உயரத்தில் முடியும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் எழுத்துருவின் குணம் பாதி முடிவாகிவிட்டது என்பேன். என்னைக் கேட்டால் தமிழ் எழுத்துருவை ‘அ’வில் தொடங்கவே கூடாது. ப, ட, ம, க, ர, ழ ஆகியவற்றோடு கு, சு, து மூன்றையும் சேர்த்து வரைந்து பார்த்த பிறகுதான் மற்றவற்றைத் தொட வேண்டும்.

அடுத்தது இடைவெளி. எழுத்து வரைவதைவிட இதற்குத்தான் நேரம் போகும். ‘படம்’ என்று எழுதிப் பாருங்கள். ‘ப’வின் வலக்கோடும் ‘ட’வின் இடக்கோடும் நேருக்கு நேர் நிற்கின்றன, கொஞ்சம் நெருங்கினாலும் முட்டுவதுபோல் தெரியும். ‘ட’வுக்கு வலப்பக்கம் மேலே ஒன்றுமே இல்லை, வெறும் வெளி. அதனால் ‘ட’வுக்கும் ‘ம’வுக்கும் நடுவே ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். அளவுகோலில் இரண்டு இடைவெளியும் ஒன்றாக இருந்தால் கண்ணுக்கு இரண்டும் வேறாகத் தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் இருபுறமும் எவ்வளவு வெளி என்று தனித்தனியே தீர்மானிக்கிறோம். அதற்கும் அடங்காத ஜோடிகளுக்கு மட்டும் கெர்னிங், அதாவது அந்த ஜோடியின் இடைவெளியை மட்டும் தனியே திருத்துவது. தொடக்கத்திலேயே கெர்னிங்கில் இறங்குவது பக்கவெளி சரியில்லை என்பதற்கு அடையாளம்.

தடிமனுக்கு வருவோம். ரோமன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் அகலமுனைப் பேனா கொடுத்தவை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறத்தாழ ஒரே சீரானது. எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று தமிழுக்கு எழுதுகருவி விதி எதையும் விட்டுப்போகவில்லை. வரைகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். போல்ட் வரையும்போது மூன்று சுழி ‘ண’ உங்களைச் சோதிக்கும். ‘ட’வுக்குக் கொடுத்த தடிமனை அப்படியே ‘ண’வுக்குக் கொடுத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிடும். கோட்டை மெலிய வைத்தும் எழுத்தை அகலப்படுத்தியும் சமாளிக்க வேண்டும். ஆனால் செய்தது வெளியே தெரியக் கூடாது.

இந்தச் சிக்கல்கள் கணினியோடு வந்தவை அல்ல. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சேறிய நூல்; வெறும் 16 பக்கம். தரங்கம்பாடி மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தில் 13 எழுத்து வடிவங்களைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா, லை, ளை போன்றவற்றுக்குத் தனி அச்சு தேவையில்லாமல் போனது அப்போதுதான்.

இன்று ஈயத்தின் இடத்தில் யூனிகோடும் ஓப்பன்டைப்பும் இருக்கின்றன. ‘கொ’ என்று தட்டினால் கணினியின் கணக்கில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி. கொம்பைப் பிரித்து முன்னால் நிறுத்துவது மென்பொருளின் வேலை. க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘கு’ உருவத்தைக் காட்டு என்று சொல்வது எழுத்துருவுக்குள் நீங்கள் எழுதிவைக்கும் விதி. அதை எழுத மறந்தால் எவ்வளவு அழகாக வரைந்த ‘கு’வும் திரைக்கு வராது.

வரைந்ததைச் சோதிக்கும்போது பெரிய அளவில் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. 10 பாயிண்டில் அச்செடுத்துப் பாருங்கள். ‘ர’வின் காலடிச் சாய்வு சிறிய அளவில் மறைந்தால் ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். கொம்பின் மேற்சுழி மங்கினால் ‘கோடு’ ‘கொடு’ ஆகும். ‘பேறு’ ‘பெறு’ ஆகும். வாசகர் சூழலை வைத்து ஊகித்துப் படித்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பக்கத்தில் நாலு இடம் ஊகிக்க வைக்கிற எழுத்துரு அவரைக் களைப்பாக்கும்.

பக்க அமைப்புக்கும் இரண்டு வார்த்தை. தமிழில் மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகரக் கோடுகளும் இருப்பதால் இன்டிசைன் தானாகத் தரும் 120 விழுக்காடு வரியிடைவெளி போதாது. 140-ஐ ஒட்டி வைத்தால்தான் மூச்சு விடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு நமக்கு இல்லை. எழுத்தைச் சாய்த்துப் போடுவது தமிழுக்கு இயல்பாக வந்ததும் இல்லை. மென்பொருள் சாய்க்கும் தமிழைப் பார்த்தாலே தெரியும். தலைப்பு, துணைத்தலைப்பு, அழுத்தம் எல்லாவற்றையும் தடிமன், அளவு, வெளி ஆகிய மூன்றை வைத்தே காட்ட வேண்டும். ‘கொண்டிருக்கிறார்கள்’ போன்ற நீண்ட சொற்கள் ஒடுக்கமான பத்தியில் வந்தால் உடைக்கத்தான் வேண்டும். எங்கே உடைத்தாலும் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது.

பழகுவதற்குப் பணம் வேண்டாம். கேட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளும் இலவசம். ஐந்தையும் அதில் திறந்து, கு, சு, து மூன்றை மட்டும் அருகருகே வைத்து, ஒவ்வொருவரும் எந்த ஆழத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் எழுத்தை அதற்குப் பிறகு வரையலாம்.