பிரசவத்துக்குப் பை தயாரா?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் கரிசல் பூமி. கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். நடுச்சாமத்தில் வலி எடுத்தால், அப்பொழுது போய் பீரோ சாவியைத் தேட முடியுமா?

குறித்த நாளுக்கு முன்பே பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே எட்டாம் மாதத்திலேயே பையைக் கட்டிவிட வேண்டும். "பிறக்கும் முன்னே பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது" என்று பாட்டிமார் தடுப்பார்கள். எடுக்கவே வேண்டாம்! பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, கிழித்து வைத்தால் போதும்.

முதலில் அட்டை

எல்லாரும் துணியைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். முதலில் வைக்கவேண்டியது தாய் சேய் நல அட்டை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு வருவது நம் வழக்கம். அதுவரை அவளைச் சோதித்தவர்கள் புகுந்த ஊர் டாக்டரும் நர்ஸும். பிரசவம் பார்ப்பவரோ கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரி டாக்டர். அவர் அவளை அன்றுதான் பார்க்கிறார். ரத்தம் எந்தப் பிரிவு? ரத்தச்சோகை உண்டா? பிரஷர், சர்க்கரை எப்படி? அவ்வளவும் அட்டையில் இருக்கிறது. உதிரப்போக்கு மிகுந்தால் ஒவ்வொரு நிமிஷமும் உயிருக்குச் சமம். வளையலும் சீரும் பெண்ணோடு வந்து, அட்டை மட்டும் மாமியார் வீட்டு அலமாரியில் தங்கிவிட்டால் என்ன பயன்?

கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த 'பிக்மி' எண்ணையும் குறித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்க அது வேண்டும். ஸ்கேன் தாள், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, நாப்கின், போர்வை, சோப்பு, சீப்பு, பிளாஸ்க். நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவர் துணை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டில் 2004இல் வந்த ஏற்பாடு. அப்படிப் போகும் அம்மாவுக்கும் ஒரு மாற்றுச் சேலை வையுங்கள். இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இவை வேண்டாம்

சேனை தொட்டு வைக்கவென்று தேனும் சர்க்கரையும் பைக்குள் ஏறிவிடும். பால்புட்டியும் கூடவே வரும். மூன்றையும் எடுத்து வெளியே வையுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குக் கிடைக்கவேண்டியது தாயின் சீம்பால். ஒரு வயது நிரம்பும் வரை தேன் ஆகாது. அதிலுள்ள கிருமி, பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலி எடுத்ததும் 108க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை. ஊர்ப் பெயரோடு அருகிலுள்ள கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ அடையாளம் சொல்லுங்கள். மழைக்காலமானால், வண்டி சேற்றில் புதையாமல் எதுவரை வரலாம் என்பதை வீட்டு ஆண்கள் பகலிலேயே பார்த்து வைக்கட்டும்.