விடியாத கோளில் ஒரு பவளத்தோட்டம்

2000ஆம் ஆண்டு ஜனவரி 1. நிகோபார் தீவுகளில் ஒன்றான கச்சல் அன்று உலகச் செய்திகளில் இடம்பிடித்தது. கிரீன்விச்சில் நள்ளிரவு 12 மணி அடிக்கும்போது இந்திய நேரம் காலை 5.30. அந்த வேளையில் சூரியன் எட்டிப்பார்க்கும் இடம் கச்சல் என்று கணக்கிட்டு, ‘புத்தாயிரத்தின் முதல் விடியல்’ என்று கொண்டாடினார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களில் ரப்பர் தோட்டத்தை நம்பிக் குடியேறிய தீவு அது.

விடியல் என்பதே இல்லாத உலகங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஓர் உலகம் இருக்கும் திசையை அதே தீவுகளின் கரையில் நின்று பார்க்கலாம். ஏப்ரல் கடைசியில், இரவு 11 மணிக்கு மேல், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே ஆல்பா சென்டாரி பளிச்சென்று தெரியும். அதன் பக்கத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பெயர் பிராக்சிமா சென்டாரி. தொலைவு 4.2 ஒளியாண்டு. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் இதுதான்.

பிராக்சிமா ஒரு சிவப்புக் குள்ளன். சூரியனின் நிறையில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். இதை விசித்திர நட்சத்திரம் என்று நினைத்தால், கணக்கு வேறு சொல்கிறது. நம் பால்வீதியில் நான்கில் மூன்று விண்மீன்கள் சிவப்புக் குள்ளர்களே, சூரியன்தான் சிறுபான்மை. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிப்பதால் இவற்றின் ஆயுள் லட்சம் கோடி ஆண்டுகளைத் தாண்டும். உயிர் தோன்றி வளர அவகாசத்துக்குப் பஞ்சமில்லை.

2016இல் பிராக்சிமாவைச் சுற்றும் ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள். ‘பிராக்சிமா பி’ ஏறத்தாழ பூமியின் எடை கொண்டது. அதற்கு ஓர் ஆண்டு என்பது 11 நாள்தான். மங்கலான அடுப்பில் குளிர்காய நெருங்கி உட்கார வேண்டும் அல்லவா? இந்தக் கோளும் தன் விண்மீனுக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. காற்றும் மற்ற நிலைமைகளும் ஒத்துழைத்தால் அங்கே தண்ணீர் திரவமாக நிற்கலாம்.

நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, இத்தகைய கோள்கள் விண்மீனுக்கு ஒரு முகத்தையே காட்டி நின்றுவிடக்கூடும். அப்போது ஒரு பாதியில் ஓயாத பகல். மறு பாதியில் ஓயாத இரவு. இரண்டும் சேரும் விளிம்பில், நம் சூரியனைப்போல மூன்று மடங்கு அகலமான செந்நிற வட்டம் அடிவானத்தை விட்டு நகராமல் நிற்கும். ஆனாலும் ஓரளவு அடர்த்தியான காற்றுமண்டலம் இருந்தால், பகல் பக்கத்து வெப்பம் இரவுப் பக்கத்துக்கும் போய்ச் சேரும் என்று 1997இலேயே மனோஜ் ஜோஷியும் சகாக்களும் கணினி மாதிரிகளில் காட்டினார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து விண்மீனின் சீற்றம். 2019 மே 1 அன்று பிராக்சிமாவில் ஒரு பிழம்பு வெடித்தது. சில விநாடிகளில் அதன் புற ஊதா ஒளி 14,000 மடங்கு கூடியது. இப்படி அடிக்கடி பொசுக்கும் நட்சத்திரத்தின் கீழ் எந்த உயிர் தாங்கும்?

பதிலுக்கு ஒரு தடயம் அந்தமான் கடலிலேயே கிடைக்கிறது. வண்டூரில் படகேறினால், 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் ஜாலிபாய் தீவுக்குப் போகலாம். அங்கே, அடிப்பக்கம் கண்ணாடி பதித்த படகில் குனிந்து பார்த்தால், மான்கொம்பு போலக் கிளைத்தும், மூளைபோல் மடிப்பு மடிப்பாகவும் பவளங்கள் நகர்ந்துபோகும். கல்போலத் தெரிந்தாலும், அதன் மேற்பரப்பெல்லாம் ஊசிமுனைப் பூக்கள்போன்ற உயிர்கள். அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக்கொண்டு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன.

தெளிந்த, ஆழமற்ற நீரில் வெயில் கடுமை. அதனால் பல பவளங்கள் சிறப்புப் புரதங்களை வைத்திருக்கின்றன. இவை வீரியமிக்க நீல, புற ஊதா ஒளியை உள்வாங்கி, சாதுவான பச்சையாகவோ சிவப்பாகவோ உமிழ்கின்றன. இதற்கு உடனொளிர்தல் என்று பெயர். இரவில் நீல விளக்கு அடித்து, மஞ்சள் கண்ணாடி வழியே பார்த்தால், பகலில் மங்கிக் கிடந்த பவளம் பச்சைப் பசேலென்று எரியும். பவளம் வெயிலுக்குப் பிடித்துக்கொண்ட குடை அது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஓமாலி-ஜேம்ஸும் லிசா கால்டெனெக்கரும் 2019இல் இந்தக் குடையை வைத்தே ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சிவப்புக் குள்ளனைச் சுற்றும் கோளின் ஆழமற்ற கடல்களில் இத்தகைய உயிர்கள் பரவியிருந்தால், ஒவ்வொரு பிழம்பு வெடிப்பின்போதும் அவை ஒளிரும். எதிர்காலப் பெருந்தொலைநோக்கிகள் அந்த மினுக்கத்தைப் பிடிக்கலாம் என்றார்கள். உயிரை அழிக்கும் என்று நாம் பயந்த வெடிப்பே, உயிரைக் காட்டிக்கொடுக்கும் விளக்காகிவிடும். இதுவரை அப்படி எதுவும் தென்படவில்லை. ஆனால் எதைத் தேடுவது என்பதற்கு ஓர் அடையாளம் கிடைத்திருக்கிறது.

அந்த அடையாளத்தைக் கொடுத்த பவளங்களின் நிலை என்ன? 2010 கோடையிலும் 2016இலும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளிறின. வெப்பம் தாங்காமல் நுண்பாசிகளை இழந்தால் பவளம் எலும்பு நிறத்துக்கு மாறும். ஆனால் சில சமயம், சாவதற்கு முன் அது கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒளிரும். பாசி போனபின் உள்ளே பாயும் வெயிலைத் தடுக்கப் பவளம் கூடுதலாகப் புரதம் சுரப்பதுதான் காரணம் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினார்கள். அந்தக் குடை பிடித்தால், பாசி மீண்டும் குடியேறிப் பவளம் பிழைக்கவும் வாய்ப்புண்டு, கடல் ஆறினால்.

4.2 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கடல் பச்சையாக மின்னினால், அங்கே யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்று நாம் துள்ளுவோம். ஜாலிபாயில் பவளம் அளவுக்கு மீறி மின்னினால், அதற்கும் அதே பொருள்தான்: இன்னும் உயிர் இருக்கிறது. அந்தத் தொலைதூர மினுக்கத்துக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இந்த மினுக்கத்துக்குச் செய்யவேண்டியது நம் கையில் இருக்கிறது.