கோவளத்துக்கு வந்த முப்பது நோயாளிகள்

சிப்காட் இரவுகள் – 14

சென்ற வாரம் வல்லம் வடகாலில் நிறுத்தியிருந்தேன்: 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு, 18,720 படுக்கைகள். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வேலை பார்ப்பவர்கள் எங்கே படுக்கிறார்கள், எங்கே ஓய்வெடுக்கிறார்கள் என்ற கேள்வியோடுதான் இந்தத் தொடர் நகர்கிறது. இந்த வாரம் கடற்கரை ரிசார்ட்.

ஒரகடத்திலிருந்து கிழக்கே வண்டியை விட்டால் படப்பை, வண்டலூர். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் கேளம்பாக்கம். அங்கிருந்து உப்பளங்களையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் தாண்டினால் கோவளம். எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். கார் உதிரிபாகமும் செல்போன் பெட்டிகளும் ஏற்றிய கன்டெய்னர் லாரிகள் ஓடும் அதே சாலைதான் கடலுக்கும் கொண்டுபோய் விடுகிறது.

1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2010-இல் ரெனோ நிசான் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த பொறியாளர்களுக்கு வார இறுதியில் குடும்பத்தோடு போய் இறங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கம்பெனிகளுக்கோ டீலர் கூட்டம் நடத்தவும், மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், டீம் அவுட்டிங் போகவும் கடலைப் பார்த்த ஒரு ஹால் தேவைப்பட்டது. முட்டுக்காட்டில் தொடங்கி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ரிசார்ட்டுகள் இரண்டையும் தருகின்றன. வாசலில் இளநீர், தென்னைகளுக்கு நடுவே காட்டேஜ், கடலைப் பார்த்த நீச்சல் குளம், நீண்ட மேசையில் காலைச் சாப்பாடு. இவற்றில் ஒன்றான மாமல்லபுரத்து டெம்பிள் பே, ஒரு காலத்தில் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ‘அசோக்’ என்ற பெயரில் நடத்தியது. கடலோரத்தில் தங்க இடம் தருவதை அரசாங்கம் தன் வேலையாக நினைத்த காலம் அது.

டீம் அவுட்டிங்குக்கு யாருக்கெல்லாம் அழைப்பு வருகிறது, லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வருகிறதா என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கோவளத்து ஹோட்டலின் அடியில் கிடக்கும் கோட்டை என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் 1970-களில் திறக்கப்பட்டது. அறைகள் நூற்றைம்பதை ஒட்டி இருக்கும். 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோது பிரதமர் மோடி தங்கிய ஹோட்டல் இதுதான். அவர் காலையில் குப்பை பொறுக்கியது இந்தக் கடற்கரை மணலில்தான். பழைய டச்சுக் கோட்டையின் மேல் எழுந்த ஹோட்டல் என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் இந்தப் பக்கத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை என்று உறுதியாகக் காட்டக்கூடியது இன்னும் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. கோவளத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடங்கு போட்டவர்கள் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள். இன்றைய பெல்ஜியத்தின் துறைமுகம் ஒன்றிலிருந்து, ஆஸ்திரியப் பேரரசரின் அனுமதியோடு வந்த வணிகர்கள். 1722-இல் முறையாகத் தொடங்கிய அந்தக் கம்பெனி பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. அவர்களுடைய இடிபாட்டுக்குப் பக்கத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் தன் கோட்டையைக் கட்டினார். அகழி கிடையாது; கனத்த மதில், வட்ட வட்டமான கொத்தளங்கள். ராபர்ட் ஆர்ம் என்ற ஆங்கிலேயர், அஞ்சுதெங்கில் பிறந்து சென்னைக் கவுன்சிலில் இருந்தவர், 1763-இல் முதல் தொகுதியாக வெளியிட்ட போர் வரலாற்றில் இதை விவரிக்கிறார்.

அன்வருதீன் 1749-இல் ஆம்பூர்ப் போரில் மாண்டார். அடுத்த ஆண்டு ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே நங்கூரம் போட்டு, ஆபத்து என்று சைகை காட்டியது. என்னவென்று பார்க்கக் கரையிலிருந்து ஆட்கள் போனார்கள். கப்பலில் பாதிக்கு மேல் ஸ்கர்வி நோயில் செத்துவிட்டார்கள், மிச்சமிருப்பவர்களை உடனே கரையில் இறக்காவிட்டால் அவர்களும் செத்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் வெகுமதி கிடைக்கும் என்று எண்ணி, கதவைத் திறக்கச் சொன்னார். முப்பது பேர் உள்ளே வந்தார்கள். வேண்டுமென்றே ஒட்டி உலர்ந்த முகமாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்த முப்பது பேர். உடுப்புக்குள் ஆயுதம். அன்று இரவே காவல்காரர்களை மடக்கிக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

அந்த அதிகாரி இதை எப்படி நம்பினார்? அந்தக் காலத்துக் கடலோடிகளைப் பற்றிப் படித்தால் புரிகிறது. மாதக்கணக்கில் பச்சைக் காயும் பழமும் கண்ணில் காணாமல், உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் மட்டும் தின்றவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் வரும்; பல் ஆடும்; ஆறிய பழைய காயங்கள்கூட மறுபடி வாய் பிளக்கும். போரில் செத்தவர்களைவிட ஸ்கர்வியில் செத்த மாலுமிகள் அதிகம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் ஒரு வாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவருடைய புத்தகம் வெளிவந்தது 1753-இல். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்க மேலும் நாற்பது ஆண்டுகள் போயின. கோவளத்தில் அந்தக் கப்பல் நின்ற 1750-இல் எல்லோரும் அறிந்த மருந்து ஒன்றுதான்: கரையில் இறங்கு, பச்சையாக ஏதாவது சாப்பிடு, படுத்துக்கொள். முருங்கைக் கீரையும் எலுமிச்சையும் நெல்லியும் விளையும் நம் கரையில் அது உண்மையாகவே பலித்திருக்கும். பொய் சொன்னவர்கள் உண்மையான ஒரு துன்பத்தை எடுத்து ஆயுதமாக்கினார்கள்.

என்னை இன்னும் ஆச்சரியப்படுத்தியது இதே ஆண்டில் இங்கிலாந்தில் நடந்தது. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல்நீர் சுரப்பி நோய்களைக் குணமாக்கும் என்று லத்தீனில் ஒரு நூலை 1750-இல் வெளியிட்டார். கடலில் குளி, கடல்நீரைக் குடி, கரையிலேயே தங்கு என்பது அவருடைய மருந்துச் சீட்டு. நோயாளிகள் பிரைட்டன் என்ற மீனவர் ஊருக்குத் திரண்டு வந்தார்கள். அவர்கள் தங்க வீடுகள் எழுந்தன, பிறகு விடுதிகள், பிறகு பெரிய ஹோட்டல்கள். உலகெங்கும் இன்று நாம் பார்க்கும் கடற்கரை விடுமுறை வளர்ந்த பாதைகளில் முக்கியமானது இது. நோயாளிக்கென்று திறந்த கதவு அது. வசதியுள்ளவர்கள் பின்னால் அதே வழியாக நுழைந்தார்கள்.

கோட்டையின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1752-இல் ராபர்ட் கிளைவ் 200 ஆங்கிலேயர்களோடும் 500 சிப்பாய்களோடும் கோவளத்துக்கு வந்தார். அந்த 200 பேரும் லண்டன் தெருக்களில் பிடித்துச் சேர்த்த புது ஆட்கள். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டில் ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் திரும்பி ஓடினார்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்த காவலாள் ஒருவனைப் பல மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்களாம். அவர்களையும் கூட்டி நிறுத்தி கிளைவ் கோட்டையைப் பிடித்தார். கோவளம் விழுந்தது தெரியாமல் உதவிக்கு வந்த படையை வழியில் மறைந்திருந்து தாக்கி, செங்கல்பட்டு வரை துரத்தினார். பின்னாளில் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் எந்த ஜில்லாவில் சேர்ந்தனவோ அந்தச் செங்கல்பட்டுக் கோட்டையும் கையோடு பணிந்தது. கோவளத்துக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். உண்மையாகவே உடல் கெட்டுப்போன கிளைவ் அடுத்த ஆண்டு ஊருக்குக் கப்பலேறினார்.

இவ்வளவு நேரம் 1750-இல் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. ‘நோய்’ என்ற ஒரு சொல்லுக்குத்தான் அந்தக் கோட்டைக் கதவு திறந்தது. வேலை செய்து களைத்தவர்கள், கொஞ்சம் படுக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் திறந்திருக்காது. நம் தொழிற்சாலைப் பகுதியிலும் நிலைமை அதிகம் மாறவில்லை என்பது என் எண்ணம். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அறையில் எத்தனை பேர், தண்ணீர் வருகிறதா, படுக்க எவ்வளவு இடம் என்று நாடு அதன் பிறகுதான் கேட்டது. நல்ல படுக்கையைப் பற்றிய பேச்சு தொடங்குவதற்கு அந்தப் பெண்கள் முதலில் நோயாளிகளாக வேண்டியிருந்தது. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று வாரம் ஒரு தூக்கம் தூங்குகிற உடம்புக்கு, காய்ச்சல் வராமலே ஓய்வு கேட்க உரிமை உண்டு. இந்த வாரம் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இது பேராசை என்று நினைப்பவர்கள் 1936-ஆம் ஆண்டு பிரான்ஸைப் பார்க்க வேண்டும். அந்த ஜூனில் பிரதமர் லெயோன் ப்ளூமின் அரசு, தொழிலாளிகள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் போட்டது. விடுப்பு மட்டும் இருந்தால் கடலுக்குப் போக முடியுமா? ஓய்வுத் துறையைக் கவனித்த லெயோ லக்ராஞ்ச், தொழிலாளிகளுக்கு 40 சதவீதம் குறைந்த ரயில் டிக்கெட்டையும் கொண்டுவந்தார். பாரிஸின் கார் ஆலைகளில் வேலை செய்தவர்கள் பலர் முதன்முறையாகக் கடலைக் கண்டார்கள். அந்த ஆலைகளில் ஒன்று ரெனோ. அதே கம்பெனியின் பெயர்தான் ஒரகடத்துச் சாலையிலும் நிற்கிறது.

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு என்று எழுதிவைத்தது. கரையைப் பற்றியும் சட்டம் பேசியிருக்கிறது. 1981 நவம்பரில் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்: உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைத் தொடாமல் வையுங்கள். அதன் வழியில் 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை, கடற்கரை ஹோட்டல்களுக்கென்றே தனி விதிகள் வகுத்தது. கட்டடம் 9 மீட்டருக்கு மேல் எழக்கூடாது, இரண்டு தளத்துக்கு மேல் கூடாது. ரிசார்ட்டுகள் தென்னைக்குக் கீழே தாழ்ந்து காட்டேஜ்களாக நிற்பதற்கு அழகுணர்ச்சியோடு இந்த விதியும் ஒரு காரணம். அதைவிட எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே, பொதுமக்கள் கடலுக்குப் போக, குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி விட வேண்டும்.

அந்த இருபது மீட்டர் வழிகளைத் தேடி முட்டுக்காட்டிலிருந்து தெற்கே நடக்கப்போகிறேன். அது அடுத்த வாரம். டீம் அவுட்டிங் அழைப்பு யாருக்கு வருகிறது என்ற கணக்கும் அதோடு சேர்ந்து வரும். அதற்கு முன் ஆலை நிர்வாகங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோவளத்தில் ஹோட்டலுக்கு வெளியே பொதுக் கடற்கரை இருக்கிறது. 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. மாதா கோயிலும் தர்காவும் பக்கத்திலேயே இருக்கின்றன. எதற்கும் அறை வாடகை தேவையில்லை. காஞ்சிபுரத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் விடியற்காலையில் ஆட்களை ஷிஃப்டுக்கு அள்ளி வரும் கம்பெனி பஸ், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லம் வடகால் வாசலில் நின்று, ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே போய்வரட்டும். ஓய்வுச் செலவு என்று கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். டீசலுக்கு ஆகும் காசைவிட அங்கே உட்கார்ந்து வருகிறவர்களின் உடம்பு பெரிது.