சாக்கடையில் ஓடிய மின்சாரம்

மின்கம்பி கம்பத்தின் மேலே போகும்; இல்லாவிட்டால் மண்ணுக்கடியில் போகும். 1881-ல் இங்கிலாந்தின் காடல்மிங் என்ற ஊரில் அதைத் தெருவோரச் சாக்கடையில் போட்டார்கள். தெருவைத் தோண்ட அவர்களுக்குச் சட்டம் அனுமதி தரவில்லை. சாக்கடையில் போடுவதைத் தடுக்கவும் சட்டம் இல்லை!

லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில், வே என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது காடல்மிங். அதுவரை தெருவிளக்குகள் எரிவாயுவில் எரிந்தன. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில் கேஸ் கம்பெனிக்கும் நகராட்சிக்கும் விலை படியவில்லை. அந்த நேரம் பார்த்து, ‘மின்சார விளக்கு போட்டுத் தருகிறோம்’ என்று வந்து நின்றது கால்டர் அண்டு பாரெட் நிறுவனம். ஊரை ஒட்டி வெஸ்ட்புரூக்கில் புல்மன் குடும்பத்தின் தோல் ஆலை. அதில் ஒரு நீர்ச்சக்கரம். சக்கரத்தைக் கொடுத்தால் ஆலைக்கு விளக்கு இலவசம் என்று பேசி முடித்து, அதில் சீமென்ஸ் ஜெனரேட்டரை இணைத்தார்கள்.

பெரிய தெருக்களுக்கு 7 ஆர்க் விளக்குகள். இரண்டு கரித் துண்டுகளுக்கு இடையே மின்பொறி பாய்ந்து எரியும் விளக்கு இது, கண் கூசும். மற்ற இடங்களுக்கு ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த குண்டு பல்புகள், முப்பது சொச்சம். விருப்பப்பட்டவர்கள் பணம் கட்டித் தங்கள் வீட்டுக்கும் கடைக்கும் இணைப்பு வாங்கலாம் என்றார்கள். இதனால்தான் பொதுமக்களுக்கு மின்சாரம் விற்ற உலகின் முதல் நிலையம் என்ற பெயர் காடல்மிங்குக்கு. நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு நிலையம் ஓடத் தொடங்கியது மறு வருடம், செப்டம்பர் 1882-ல்தான்.

காலை வாரியது ஆறு. அதுவும் வற்றியல்ல, பெருக்கெடுத்து. தண்ணீர் கூடினால் மின்சாரமும் கூடவேண்டும் என்றுதானே நினைப்போம்? நீர்ச்சக்கரத்தைச் சுற்றுவது தண்ணீரின் அளவு மட்டுமல்ல. மேலே வரும் நீர்மட்டத்துக்கும் கீழே வெளியேறும் நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசமும்தான். வெள்ளத்தில் கீழ்மட்டம் ஏறிவிடும், வித்தியாசம் சுருங்கிவிடும். சக்கரத்தின் அடிப்பாகமும் நீரில் மூழ்கும். இடுப்பளவு தண்ணீரில் ஓடிப் பாருங்கள், சக்கரம் பட்ட பாடு புரியும்.

சக்கரம் தளர்ந்தால் ஜெனரேட்டரின் வேகம் குறையும், கூடவே மின்னழுத்தமும். இழை சூடேறி எரியும் குண்டு பல்புக்கு இது ஆகாது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். போதாக்குறைக்கு, பல்புகளுக்கான மின்சாரம் வெறும் 40 வோல்ட். குறைந்த வோல்ட்டில் அதே திறனை அனுப்பக் கூடுதல் கரண்ட் பாயவேண்டும். அதில் ஒரு பகுதி கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகும். ஆலையோ ஊருக்கு வெளியே, அதனால் கம்பியும் நீளம்.

சில மாதங்களிலேயே ஆற்றைக் கைவிட்டு, ஊருக்குள் நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார்கள். கால்டர் அண்டு பாரெட் விலகிக்கொள்ள, சீமென்ஸ் நிறுவனமே பொறுப்பேற்றது. விளக்கு நிதானமாக எரிந்தது, வாடிக்கையாளர்கள்தான் வரவில்லை. தெருவைத் தோண்டிக் கம்பி பதிக்க வழி செய்த மின்விளக்குச் சட்டம் 1882-ல் வந்தது; ஆனால் அதிலேயே ஒரு கொக்கி. 21 வருடம் கழித்து உள்ளாட்சி அமைப்பு விரும்பினால் மொத்தத்தையும் விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க எந்த முதலாளி பணத்தைக் கொட்டுவார்? அந்தக் கெடுவை 42 வருடமாக நீட்ட 1888 வரை ஆனது. என்னைக் கேட்டால், ஆற்று வெள்ளத்தைவிட இந்தச் சட்டம்தான் அன்றைய மின்தொழிலை அதிகம் முடக்கியது.

காடல்மிங் அதுவரை காத்திருக்கவில்லை. நஷ்டம் தாங்காமல் சீமென்ஸ் 1884-ல் கடையைக் கட்டியது. தெருக்களில் மறுபடியும் கேஸ் விளக்குகள். உலகுக்கு முந்தி மின்சாரம் பார்த்த அந்த ஊருக்கு அது திரும்பி வந்தது 1904-ல்தான்.