உங்களுக்குத் தெரியுமா? ஒரு குச்சி போதும், அத்தி மரம் ரெடி!

சீமை அத்தி வளர்க்க விதை வேண்டாம். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள முற்றிய குச்சி போதும். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளிக்கும், கையுறை அவசியம். ஈரம் இருக்கலாம், தண்ணீர் தேங்கக் கூடாது. துளிர் வந்ததுமே வேர் பிடித்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சி தன் சேமிப்பைக் கொண்டே முதலில் துளிர்த்துவிடும்.

யோர்தான் பள்ளத்தாக்கின் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த அத்திப் பழங்களுக்கு வயது சுமார் 11,400 ஆண்டுகள். முளைக்கும் விதையில்லாத ரகம் என்பதால், குச்சி நட்டே மனிதர்கள் அதைப் பெருக்கியிருக்க வேண்டும் என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நெல்லும் கோதுமையும் பயிராவதற்கு முன்பே இந்த வித்தை தெரிந்திருக்கலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ரகம் பார்த்து வாங்குங்கள். 1880களில் கலிஃபோர்னியாவுக்குப் போன ஸ்மிர்னா அத்தி மரங்கள் செழித்தன, பிஞ்சுகளோ உதிர்ந்தன. அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கும். நுண்ணிய துளை வழியே நுழைந்து மகரந்தம் சேர்க்கும் சின்னஞ்சிறு குளவி அங்கே இல்லை. 1899இல் ஃபிரெஸ்னோவில் குளவி குடியேறிய பிறகே பழம் நின்றது. வீட்டுத் தோட்டத்துக்குக் குளவி தேவைப்படாத புனே அத்தி, பிரவுன் டர்க்கி ரகங்களே சரி. இடமில்லையென்றால் பெரிய தொட்டியிலும் காய்க்கும். பழத்தை மரத்திலேயே கனியவிடுங்கள். காயாகப் பறித்தால் இனிப்பு ஏறாது.