நடுவே ஒரு காக்காப்பொன் தகடு

கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் வேன் அது. அதன் ஆம்ப்ளிஃபயரை கள்ளக்குறிச்சியில் ரிப்பேர் பார்த்தார்கள். கடை மேசையில் அருமையாகப் பாடியதை டிரைவரே நின்று கேட்டிருக்கிறார். ஆனால் வேனின் தகரத்தில் வைத்துத் திருகியதுமே பியூஸ் போய்விட்டது. ஸ்டீரியோவை அவர் போடக்கூட இல்லை. இரண்டாவது பியூஸும் போனபின், "செம்புக் கம்பி சுத்திப் பார்க்கலாமாண்ணே?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். வண்டி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது. பியூஸ் அறுகிற இடத்தில் செம்பு அறாமல் நின்றால், எரிவது ஒயரும் போர்டும்தான்.

பேட்டரியின் 12 வோல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சாதாரண சர்க்யூட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 4 வாட்தான் பிசிறில்லாமல் கொடுக்க முடியும். அதனால் ஆம்ப்ளிஃபயர் முதலில் வோல்ட்டேஜை ஏற்றிக்கொள்கிறது. மாஸ்பெட் எனும் டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுப் பாய்ச்ச, வளையம் போன்ற டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்தித் தருகிறது. இந்த வேலையில் மாஸ்பெட் கொதிக்கும். அதன் முதுகுத் தகட்டை அலுமினிய ஹீட் சிங்கோடு இறுக்கிவைப்பது அதற்காகத்தான். பெட்டியின் வெளி உடம்பும் அந்த ஹீட் சிங்க்தான்.

அந்த முதுகுத் தகடும் மாஸ்பெட்டின் நடுக்காலும் உள்ளே ஒன்று. நடுக்காலோ டிரான்ஸ்பார்மர் சுற்று வழியாக பேட்டரியின் பிளஸ்ஸோடு சேர்ந்திருக்கிறது. ஆக, சூடு தாண்ட வேண்டும், மின்சாரம் தாண்டக் கூடாது. உலோகத்திடம் இதைக் கேட்க முடியாது. அதில் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்களே சூட்டையும் பெரும்பாலும் சுமக்கின்றன.

இங்கேதான் மைக்கா வருகிறது. நம் ஊரில் காக்காப்பொன் என்போமே, அதேதான். நெல்லூர்ப் பக்கம் கூடூரிலும் ஜார்க்கண்டின் கோடர்மாவிலும் பேர்போன கனிமம். புத்தகம்போல ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஏடுகளைப் பிடித்திருப்பவை பொட்டாசியம் அயனிகள், அந்தப் பிடி தளர்ந்தது. நகத்தால் உரித்தால் கண்ணாடிபோலப் பிரிந்து வரும். அதன் எலெக்ட்ரான்கள் அணுக்களுக்கிடையே கட்டுண்டு கிடப்பதால் மின்சாரம் ஓட வழியில்லை. சூடு மட்டும் அணுக்களின் அதிர்வாகக் கைமாறிக் கைமாறிப் போகிறது. உண்மையில் மைக்கா சூட்டை நன்றாகக் கடத்தும் பொருளே அல்ல. அதன் மெல்லிசுதான் நம்மைக் காப்பாற்றுகிறது: மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு ஏடு, ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும். இருபுறமும் தடவும் வெள்ளைப் பசை, இடுக்கில் சிக்கும் காற்றை விரட்ட. காற்று மைக்காவைவிடப் பல மடங்கு மோசம்.

மூடியைக் கழற்றினேன். மூன்று மாஸ்பெட்டுகளின் ஓரத்தில் மைக்கா மினுங்கியது. புதிதாக மாற்றிய நான்காவதில் பசை தாராளமாக இருந்தது, மைக்கா இல்லை. மர மேசையில் ஹீட் சிங்க் எதையும் தொடவில்லை, அதனால் பாடியது. வேனிலோ தகரம் முழுக்க பாடி எர்த், அதாவது பேட்டரியின் மைனஸ். திருகு பிடித்த நொடியே பிளஸ்ஸும் மைனஸும் கைகோத்துவிட்டன.

பழைய போர்டு ஒன்றிலிருந்து ஏடு எடுத்து வைத்து, திருகுக்கும் பிளாஸ்டிக் புஷ் போட்டு இறுக்கினேன். மீட்டரின் ஒரு முனை நடுக்காலில், மறுமுனை ஹீட் சிங்கில். பீப் வரவில்லை.