வயசானால் வாயை மூட வேண்டுமா?

"இந்த வயசில நமக்கெதுக்கு வம்பு, மாமி? வேளாவேளைக்குச் சாப்பாடு வருதே, போதாதா?" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

கோவைக்கு அருகே, முதியோர் குடியிருப்பு ஒன்றில் சொந்தமாக வீடு வாங்கி நாங்கள் குடியேறினோம். முதல் வருஷம் நிம்மதிதான். பிறகு பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தினார்கள். அதே மாதம் இராத்திரி நர்ஸை நிறுத்திவிட்டார்கள்! ஒரு நள்ளிரவில் என் கணவருக்கு மூச்சுத் திணறல். ஓடி வர ஆளில்லை. நல்ல வேளை, எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார்.

அவர் தேறி வந்ததும், சாப்பாட்டு ஹாலில் எழுந்து நின்று, "எங்க பணத்துக்குக் கணக்கு எங்கே?" என்று கேட்டேன். கை காலெல்லாம் ஒரே நடுக்கம்! ஆனால் கூடவே இன்னும் 11 பேர் எழுந்தார்கள்.

எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற வக்கீல். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீடு வாங்கியவர்கள் சங்கம் அமைக்கக் கட்டியவரே வழி செய்ய வேண்டும், பொது இடங்களையும் அதனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விளக்கினார். சங்கம் பதிவாயிற்று. வரவு செலவு எழுதுவது என் பொறுப்பு. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதிய கைதானே! இப்போது மாதாமாதம் கணக்கு ஹால் சுவரில் தொங்குகிறது. இராத்திரி நர்ஸும் வந்தாயிற்று.

இப்படி வீடு வாங்க நினைக்கும் சகோதரிகளே! சங்கம் உண்டா, கட்டணத்தை யார் உயர்த்தலாம், இராத்திரி அவசரத்துக்கு யார் வருவார்கள் – எல்லாம் பத்திரத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாளா? இப்போது சங்கக் கூட்டத்தில் முதல் வரிசை அவளுக்குத்தான்!